அடித்தாளில் விழுந்த நிலக்கரி

விரலெல்லாம் நீலம், தோஸ்த். பாய்லர் லாக் புக்குக்குக் கார்பன் பேப்பர் மாற்றினேன். சோப்புப் போட்டும் போகவில்லை. அந்த மெழுகு வாசனையில் உன் ஞாபகம் வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

ஒடுகத்தூர்ப் பக்கம் மல்லாட்டைத் தோலை, அதான் வேர்க்கடலைத் தோலை எரித்து, தோல் பதனிடும் ஆம்பூர் டேனரிகளுக்குக் கரன்ட் கொடுக்கும் இதே பிளான்ட்டில் நீ ஒரு ஷிப்ட், நான் ஒரு ஷிப்ட். "ஊரே தோல்ல பொழைக்குது. நம்மளுதும் தோல்தான், நாறாத தோல்" என்பாய். நிலக்கரி எரிக்காததால் வராமல் போன புகையை வெளிநாட்டுக் கம்பெனிக்கு விற்கிறோம், அதில்தான் பிளான்ட்டே ஓடுகிறது, அதற்குப் பெயர் கார்பன் கிரெடிட் என்று மேனேஜர் விளக்கியபோது விழுந்து விழுந்து சிரித்தாய். "வராத பொகைய இன்னாத்துக்கு சார் வாங்குறான்?"

அந்த அடைமழையில் தோல் நனைந்துபோய், சில நாள் நிலக்கரி போட்டோம். நீ லாக் புக்கில் 'நிலக்கரி' என்றே எழுதினாய். மேனேஜர் சொன்னாரென்று, ஆபீசுக்குக் கிழித்துக் கொடுக்கும் மேல்தாள்களையெல்லாம் 'தோல்' என்று மாற்றி எழுதியவன் நான். புக்கிலேயே தங்கிவிட்ட அடித்தாள்களை யாரும் நினைக்கவில்லை.

கிரெடிட் கணக்கைச் சரிபார்க்க வந்த ஆபீசர், "கார்பன் ரெக்கார்டு எங்கே?" என்றார். நீ ஓடிப்போய் அந்தப் புக்கைக் கொண்டுவந்து நீட்டினாய். "இந்தாங்க சார், கார்பன் காப்பி."

கிரெடிட் நின்றது. பிளான்ட் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. திறந்தபோது உன்னை மட்டும் கூப்பிடவில்லை. "கார்பன்னா இன்னான்னே தெரியாதவன்" என்று டீக்கடையில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெட்கமாக இருக்கிறதுடா. மாற்றி எழுதியது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாலாஜாபேட்டையில் நீ நெஞ்சுவலியில் போனபோது மாலையோடு வந்து நின்றேன், அவ்வளவுதான்.

தெரியாமல்தான் கொடுத்தாயா? கார்பன் கிரெடிட்டைக் கேட்டு அப்படிச் சிரித்தவனுக்கா தெரியாது? ஒரு நாள் அப்படித் தோன்றுகிறது, மறுநாள் இப்படி. உயிரோடு இருந்தபோது கேட்காமல் விட்டேனே!

இப்போது மறுபடி கிரெடிட், மறுபடி மழை. வாசலில் நிலக்கரி லாரி. "தோல்னே போட்டுடுப்பா. அடுத்த வாரம் ஆபீசர் வர்றாரு. பிளான்ட் மூடிட்டா எல்லாருக்கும் பேஜாரு" என்கிறார் புது மேனேஜர். அவர் சொல்வதும் பொய்யில்லை. என் மருமகனுக்கும் இங்கேதான் வேலை. மூன்று தடவை பேனாவை எடுத்தேன், மூன்று தடவை வைத்தேன்.

எழுதிவிட்டேன், தோஸ்த். 'நிலக்கரி.' தாள் கிழிகிற அளவு அழுத்தி எழுதி, கார்பனைத் தூக்கிப் பார்த்தேன். இந்த முறை இரண்டு தாளிலும் ஒரே வார்த்தை. கீழே என் பெயர்.