கைய வுடுங்கண்ணே

அன்புள்ள அம்மாவுக்கு, சார்ஜாவிலிருந்து செம்பியன். முட்டிவலி தேவலையா? இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

பெட்டி தூக்கியதில் வலது தோளில் தசைநார் கிழிந்துவிட்டது. சின்ன ஆபரேஷன்தான், முடிந்தது. என் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, அதிலுள்ள தட்டணுக்களைத் தைத்த இடத்தில் ஊசியாகப் போட்டார்கள். "மறுபடி கிழியாம இருக்க உதவலாம், உறுதியா சொல்ல முடியாது" என்றார் டாக்டர். கை தூக்க முடியவில்லை. முன்னால் பட்டன் வைத்த சட்டை இரண்டு அனுப்பு.

பயிற்சி தரும் வினோதினி சிதம்பரத்துப் பெண். "கைய வுடுங்கண்ணே, நான் புடிச்சிக்கறேன்" என்கிறாள் தினமும். எனக்கு விட வரவில்லை. சுனாமியன்று தம்பி இளவரசைப் பிடித்திருந்த கை இது. அலை பிடுங்கிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். பிடுங்கவில்லை அம்மா, வலி தாங்காமல் நான்தான் விட்டேன்.

வினோதினி வந்துவிட்டாள். சட்டையை மறக்காதே.

செம்பியன்