பீரோவுக்குப் பின்னால்

சார்,

இன்று ஆபீசுக்குள் நுழைந்ததும் பெயிண்ட் வாடை. மாலை போட்ட உங்கள் படத்தை மாட்ட அந்த ஒரு சுவருக்கு மட்டும் புதிதாக அடித்திருக்கிறார்கள். கடற்கரையின் ஒவ்வொரு மணல்துகளும் உங்களுக்குத் தெரிந்திருந்தது என்று அஞ்சலிக் கூட்டத்தில் ஒருவர் பேசினார். சிரிப்பை அடக்க முடியாமல் இருமுகிற மாதிரி வெளியே வந்துவிட்டேன். உங்கள் ஷூவில் மணல் ஒட்டி நான் பார்த்ததே இல்லை.

வெள்ளறடை ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்கு மீன்வாடை என்றாலே குமட்டல். கடல் எதுவரை ஏறும், எந்த வீட்டை அரிக்கும் என்பதையெல்லாம் ஜீப் கண்ணாடியை இறக்காமலே எழுதுவீர்கள். வழியில் உதியன்குளங்கரைக் கடையில் நிறுத்திப் பழம்பொரி தின்னும் நேரம்கூடக் கடற்கரையில் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து நானும்தான் தின்றேன்.

மேரியக்கா வீடு நினைவிருக்கிறதா? எங்கே இருக்கும்! புயலுக்குப் பிறகு கடல் ஏறின வீடுகளைக் கணக்கெடுக்கப் போனோம். தண்ணீர் ஏறியது என்று நாம் எழுதினால் வீடு வரைபடத்தில் சிவப்புக் கோட்டுக்குள் வரும்; வந்தால் மேட்டில் மாற்று வீடு உண்டு. நான் கெஞ்சியதால் அன்று மட்டும் இறங்கினீர்கள். அக்கா தன் இடுப்பைத் தொட்டு, இவ்வளவு தண்ணீர் நின்றது என்றாள். நீங்கள் சுவரைப் பார்த்தீர்கள். வெள்ளை வெளேரென்று இருந்தது. அடையாளம் எங்கே என்று கேட்டீர்கள்.

"கிறிஸ்மஸ் வந்துதுல்லா சாரே. அழுக்குச் சுவரோட எப்படிக் கொண்டாட? அதாக்கும் வெள்ளையடிச்சோம்."

எங்கள் பக்கத்தில் கூரை பறந்த வீட்டிலும் கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிப்பார்கள். உங்கள் வீட்டிலும் அதே பண்டிகைதான். தெரிந்தே 'நீர் ஏறவில்லை' என்று எழுதினீர்கள். ஜீப்பில் ஏறியதும், "பெயிண்ட் அடிச்சு மினுக்கிட்டு நிக்கா, இவளுக்கு வீடு வேணுமாக்கும்" என்றீர்கள். என்ன மனுஷன் சார் நீங்கள்!

பீரோவுக்குப் பின்னால் யாரும் வெள்ளையடிப்பதில்லை. அது எனக்குத் தெரியும். மேரியக்காவின் பீரோவுக்குப் பின்னால் விரலகல இடைவெளியில் பழைய சுவர் தெரிந்ததையும் அன்று பார்த்தேன். வேலை நிரந்தரமாகாத பயத்தில் வாயைத் திறக்கவில்லை. உங்கள் கையெழுத்துக்குக் கீழே நானும் போட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் வீட்டின் முன்பாதியைக் கடல் கொண்டுபோனது. நான் போனபோது மேரியக்கா சாமான்களைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். பீரோவை எடுத்திருந்தார்கள். அது நின்ற இடத்தில் மட்டும் வெள்ளையடிக்காத பழைய சுவர், அதில் பழுப்பாக ஒரு கோடு. பக்கத்தில் போய் நின்றேன். என் இடுப்புக்குச் சரியாக இருந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே நகர்த்திக் காட்டியிருப்பேனே, மக்கா" என்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பீரோவை நகர்த்துகிறேன். கூட வருகிறவர்கள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். உங்களைக் காறித் துப்பத்தான் வருகிறது. ஆனால் அந்த இரண்டாவது கையெழுத்து என்னுடையது. இன்றைக்கும் அறிக்கையில் பெயர் எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது.

உங்களுக்கு ஒரு தடவையாவது நின்றதா, சார்?