மூன்றாவது பத்தியில் ஓர் எண்

ஜூன் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் உனக்குப் பாதி கேட்பதில்லை. மீதியை அண்ணி தன் இஷ்டத்துக்கு மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். முப்பத்தொரு வருடம் பாய்லர் தொழிற்சாலைச் சத்தத்தில் நின்றால் காது என்னத்துக்கு ஆகும்! அதனால் மறுபடியும் பேனாவை எடுத்துவிட்டேன்.

ஒரு செய்தி. என் மகள் எனக்கு நூலகத்தில் உறுப்பினர் அட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நேரில் போகவே வேண்டாமாம், எல்லாம் இணையதளத்திலேயே முடிந்துவிடுமாம். எனக்கு முதலில் சந்தேகம்தான். இரவல் புத்தகம் கொடுக்கிறவர்களுக்கு என் பிறந்த தேதி எதற்கு, போன் நம்பர் எதற்கு? "அம்மா, உன்னை யாரும் கடத்திட்டுப் போக மாட்டாங்க, தைரியமா போடு" என்றாள். கடைசியில் ஐந்து இலக்க ரகசிய எண் ஒன்று கேட்டது. யோசிக்கவே இல்லை, விரல் தானாக 40718 என்று அடித்தது. அடித்த பிறகுதான் உறைத்தது. நர்சிங் நுழைவுத் தேர்வில் எனக்குக் கொடுத்த எண், அண்ணா! தேறாத தேர்வின் எண் இத்தனை வருடமாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது பார்.

தளத்தில் என்னென்னவோ இருக்கிறது. புத்தகத்தை வீட்டிலிருந்தே முன்பதிவு செய்யலாம். காதால் கேட்கிற புத்தகங்கள்கூட இருக்கின்றன; பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு நாவலில் பாதி கேட்டுவிட்டேன். பழைய செய்தித்தாள்களையெல்லாம் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் பத்திரிகையும் உண்டு. தேதியை அழுத்தினால் அன்றைய பக்கம் அப்படியே திறக்கிறது. தேர்வு முடிவு வந்த நாளை ஒரு தடவை திறந்து பார்க்கலாமா என்றிருக்கிறது. சும்மாதான்.

உன் அன்புத் தங்கை,
சின்னு


ஜூன் 12

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். அண்ணிக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை.

நீ பிறந்த தேதியெல்லாம் கொடுத்தது தப்பு. எங்கள் ஃபோர்மேன் இப்படித்தான் எதையோ அழுத்தப் போய், அவர் பெயரில் யாரோ ஊருக்கெல்லாம் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நூலகம் என்று பெயர் போட்டிருந்தால் நம்பிவிடுவதா? உனக்குப் புத்தகம் வேண்டுமென்றால் எழுது, நான் வாங்கி அனுப்புகிறேன்.

பழைய பேப்பரில் என்ன இருக்கப்போகிறது? செத்துப்போனவர்கள் படமும் சோப்பு விளம்பரமும். போனதைக் கிளறிக்கொண்டிருக்காதே. உன் மகளிடம் சொல்லி இந்த வாரமே அந்தக் கணக்கை நீக்கிவிடு. நீக்கிய பிறகு மறக்காமல் எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு காலண்டர்கூட வாங்கி அனுப்பாதவன், திடீரென்று புத்தகம் அனுப்புகிறேன் என்கிறாயே! அண்ணி பக்கத்தில் நின்று எழுத வைத்தார்களா?

கணக்கை நீக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன்.

முதலில் தேடல் பெட்டியில் என் எண்ணை அடித்தேன். "முடிவுகள் எதுவும் இல்லை" என்று வந்தது. உண்மையைச் சொன்னால் நிம்மதியாக இருந்தது. அப்புறமும் மனசு கேட்கவில்லை. பக்கத்தையே திறந்து, பெரிதாக்கி, வரி வரியாக இறங்கினேன். 40702. 40711. 40718.

என் எண் இருக்கிறது, அண்ணா.

படத்திலிருந்து எழுத்தைப் படித்துவைக்கிற கணினி அதை 40713 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் தேடலில் அகப்படவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் எட்டை மூன்றென்றும் மூன்றை எட்டென்றும் படிக்கிறவர்களை நாள் முழுக்கப் பார்க்கிறவள் நான். இது எட்டுதான். இருந்தாலும் தளத்தில் "நூலகரிடம் கேளுங்கள்" என்று ஒரு பெட்டி இருந்தது, அதில் எழுதிக் கேட்டிருக்கிறேன்.

பட்டியலுக்குக் கீழே பொடி எழுத்தில் இப்படிப் போட்டிருக்கிறது: "தேர்வானவர்கள் பதினைந்தாம் தேதி அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும். தனியாகக் கடிதம் அனுப்பப்படாது."

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து நாலாவது மாதம் அது. நான் அம்மாவுக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தேன். நீதான் படிப்பகத்துக்குப் போய்ப் பேப்பரைப் பார்த்துவிட்டு வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி "உன் நம்பர் வரலை" என்றாய். கூட்டத்தில் கண் தவறியிருக்கும், இல்லையா? யாருக்கும் நடக்கிறதுதானே. "ஆமாம், தவறிவிட்டது" என்று ஒரு வரி எழுது. எனக்கு அது போதும்.

உன் தங்கை,
சின்னு


ஜூன் 27

அன்புத் தங்கைக்கு,

சொல்லச் சொல்லக் கேட்காமல் அந்தப் பேப்பரைத் தோண்டி எடுத்து, இப்போது மனசைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

எனக்குக் கண் தவறவில்லை. நன்றாகத்தான் பார்த்தேன். அந்தக் காலத்து அச்சு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாதா? மூன்றாவது பத்தியில், மடிப்பு விழுகிற இடத்தில், எல்லா எண்ணும் மை இழுத்துக்கொண்டுதான் இருந்தது. மூன்று எட்டு மாதிரித் தெரியும். கணினியே மூன்று என்கிறது, அதைவிட உனக்குப் பார்வை கூர்மையா?

நூலகருக்கு எதற்கு எழுதினாய்? நம் வீட்டு விஷயம் ஊர் பேர் தெரியாதவர்களுக்கு எதற்கு? அண்ணி வேறு கேட்கிறாள், "தங்கச்சி லெட்டர் வந்தாலே உங்க முகம் ஏன் இப்படி ஆயிடுது?" என்று. இதோடு விடு. அடுத்த கடிதத்தில் வேறு நல்ல செய்தி எழுது.

அண்ணன்


ஜூலை 5

அண்ணா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பிறகு நான் உனக்கு எழுதியதை நினைவிலிருந்து வரிக்கு வரி ஓட்டிப் பார்த்தேன். அது எந்தப் பத்தி என்று நான் எழுதவே இல்லை. அந்தப் பக்கத்தில் எட்டுப் பத்திகள் இருக்கின்றன. மடிப்பைப் பற்றியும் எழுதவில்லை.

உன் கல்யாண நாள் எது என்று கேட்டால் அண்ணியைக் கூப்பிடுகிறவன் நீ. முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய பேப்பரில் மூன்றாவது பத்தி மட்டும் உனக்கு எப்படி நினைவிருக்கிறது? வராத எண்ணுக்கு இடம் எப்படித் தெரியும்?

நூலகர் பதில் அனுப்பிவிட்டார். "பைண்டு செய்த மூலப் பிரதியை எடுத்துப் பார்த்தோம். 40718 என்று தெளிவாக உள்ளது. கணினிப் பதிவில் இருந்த பிழையைத் திருத்திவிட்டோம். சுட்டிக்காட்டியதற்கு நன்றி." இப்போது தேடினால் ஒரு முடிவு வருகிறது. அடுத்து வந்த பதினைந்து நாள் பேப்பர்களையும் திறந்து பார்த்துவிட்டேன். பட்டியலில் திருத்தம் என்று எங்கேயும் இல்லை.

வீட்டில் யாரிடமும் இதுவரை சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் ரெண்டு தடவை கேட்டுவிட்டார், "என்ன, எந்நேரமும் அந்த லைப்ரரியிலயே இருக்கே?" என்று. ஏதோ சமாளித்தேன்.

நீ அன்று என் எண்ணைப் பார்த்தாயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

சின்னு


ஜூலை 21

சின்னு,

பார்த்தேன்.

பார்த்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. இதையாவது நம்பு. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் "இது என் தங்கச்சி நம்பர்" என்று விரலை வைத்துக் காட்டினேன். அவர் கைகூடக் கொடுத்தார்.

வீட்டுக்கு நடந்து வருகிற வழியில்தான் எல்லாம் மாறியது. தொழிற்சாலையிலிருந்து எனக்கு ஆர்டர் வந்து ரெண்டு நாள் ஆகியிருந்தது. ஒன்றாம் தேதி போய்ச் சேர வேண்டும். நீ ஹாஸ்டலுக்குப் போனால் அம்மாவோடு நான் இருக்க வேண்டும். அந்த மாதிரி வேலை மறுபடி வராது என்று பயம். இன்றைக்கு மட்டும் சொல்லாமல் இருப்போம், நாளைக்குள் ஏதாவது வழி தோன்றும் என்று நினைத்துக்கொண்டுதான் வாசலில் வந்து நின்றேன்.

நீ அழுதிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். நீ "சரிண்ணா" என்று சொல்லிவிட்டு அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கப் போய்விட்டாய். பதினைந்தாம் தேதிக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. தினமும் சொல்ல நினைத்தேன் என்று எழுதினால் அது பொய். நாலைந்து நாள் நினைத்தேன். அப்புறம் பெட்டி கட்டிவிட்டேன்.

ஏழு வருடம் அம்மாவை நீ பார்த்தாய். நான் லீவுக்கு வந்து போனேன். மன்னிப்பு என்று எழுதவே கை கூசுகிறது. அண்ணியிடம் நேற்று எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுத்த மாதம் நான் அங்கே வரட்டுமா? எதிரில் வந்து நிற்கிறேன், என்ன வேண்டுமானாலும் சொல்.

அண்ணன்


ஆகஸ்ட் 2

அண்ணா,

உன் கடிதத்தைக் கடையில், பார்வை சோதிக்கிற அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வெளியே ஒரு அம்மாள் கண்ணாடிக்காகக் காத்திருந்தார். அவரைக் கால் மணி நேரம் உட்கார வைத்துவிட்டேன்.

அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. "எனக்கு வேலை வந்திருக்கு, அம்மாவை விட்டுட்டுப் போக முடியலை, நீ இருக்கியா?" என்று நீ கேட்டிருந்தால் இருந்திருப்பேன். அழுதிருப்பேன், உன்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பேன், ஆனால் இருந்திருப்பேன். நீ கேட்கவே இல்லை.

அதையும்கூட விழுங்கிவிடலாம். அடுத்த வருடம் நீ லீவுக்கு வந்தபோது, மறுபடி தேர்வு எழுதட்டுமா என்று கேட்டேன். "ஒரு தடவை பட்டது போதாதா சின்னு? படிப்பு எல்லாருக்கும் வராது" என்றாய். தெரிந்தே சொன்னாய். அதை நான் நம்பினேன். கடையில் லென்ஸ் அளவு போடுகிற பயிற்சிக்கு என்னை இரண்டு முறை கூப்பிட்டார்கள். எனக்கு அதெல்லாம் வராது என்று நானே மறுத்தேன். மகள் ஆறாம் வகுப்பில் கணக்குப் புத்தகத்தோடு வந்து நின்றபோது, "அம்மாவுக்கு அந்த மூளை இல்லடி, அப்பாகிட்டப் போ" என்று அனுப்பினேன். அதற்குப் பிறகு அவள் பாடத்தில் எதையும் என்னிடம் கேட்டதே இல்லை.

நீ இப்போது வராதே. உன் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும். உடனே பரவாயில்லை என்று சொல்லிவிடுவேன். ஆனால் எனக்கு அது பரவாயில்லை என்று இல்லை.

எனக்கு வராது, எனக்கு மூளை இல்லை என்று நானே வாயால் சொல்லிவைத்திருக்கிற ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமாகப் போய் மாற்றிச் சொல்ல வேண்டும். முதலில் மகளிடம். இன்று சாயங்காலம் வேலை விட்டு வருவாள். நீ செய்ததைச் சொல்வேனா என்று தெரியவில்லை. நான் பாஸ் என்பதைச் சொல்வேன்.

எல்லோரிடமும் சொல்லி முடிக்க எத்தனை நாள் ஆகுமோ. அதுவரை எனக்கு எழுதாதே.

சின்னு