அக்காள் புளி போட்டுத் துலக்கிய ஹோல்டர்

மார்கழி 18, புதன்

மூடுபனி. காப்பிப் பழம் உரிக்கும் எஞ்சினோடு பெல்ட் போட்டு டைனமோ. மதியம் எஞ்சின் நின்ற நேரத்தில் அக்காள் வீட்டுக் கூடத்தில் கூரை விளக்கு மாட்டினேன். பித்தளை ஹோல்டர், சுவிட்ச், வயர் எல்லாம் சேலத்துச் சரக்கு. பல்பை வைக்கோலில் சுற்றி மலையேறும்வரை கையிலேயே. உடையவில்லை.

இரண்டு வயரும் கறுப்பு. கரண்டு வருவது எதில் என்று பார்க்கச் சோதனை விளக்கு வேண்டும். அது கருவிப் பெட்டியின் அடியில்; எடுக்கச் சோம்பல். குத்துமதிப்பாக ஒன்றில் சுவிட்ச். நாளை சரிபார்க்க.

எஞ்சின் ஓடியதும் எரிந்தது. அக்காள்: "ஏஞ்சாமி, எண்ணெயே வேண்டாமா?"

"வேண்டாம். அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும்." மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தேன்.

மார்கழி 19, வியாழன்

சளி. சரிபார்க்கவில்லை.

மார்கழி 20, வெள்ளி

அக்காளுக்கு ஷாக். காலை, எஞ்சின் ஓட்டம். வெள்ளிக்கிழமை விளக்குத் துலக்கும் நாள். குத்துவிளக்கை முடித்தவள் இரும்புப் பெட்டி மேல் ஏறி ஹோல்டரையும் புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். சாமை மூட்டை மேல் விழுந்ததால் பிழைத்தாள்.

"அணைச்சுட்டுத்தான் தொட்டேன் கண்ணு."

பொய் என்று கத்தினேன். மச்சான் என் பக்கம்: "விளக்குன்னா புளியத் தூக்கிருவா. உடுங்க மாப்ள." அவள் அன்று சாப்பிடவில்லை.

மார்கழி 21, சனி

சோதனை விளக்கு எடுத்தேன். சுவிட்ச் அணைந்த நிலை. ஒரு முனை ஹோல்டருக்குள், மறுமுனை ஈரத் தரையில் அடித்த ஆணியில். பளிச்சென்று எரிந்தது.

திரும்பிப் போகும் வயரில் சுவிட்ச் வைத்திருக்கிறேன். அணைத்தால் பல்பு அணையும். ஹோல்டரில் கரண்டு அப்படியே. மூன்று வருட மின்சாரப் படிப்பு!

எஞ்சினை நிறுத்தி வயரை மாற்றினேன். மறுபடி ஓட்டிச் சோதித்தேன். சுவிட்சை அணைத்தால் சோதனை விளக்கு எரியவில்லை.

அடுப்படிக்குப் போய்ச் சொன்னேன். "தப்பு என்னுது அக்கா. நீ அணைச்சுட்டுத்தான் தொட்டிருக்கே."

"அதத்தானே நேத்து சொன்னேன்." களி கிண்டுவதை நிறுத்தவில்லை.

மச்சானிடமும் சொன்னேன். சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

மார்கழி 27, வெள்ளி

பனி இல்லை. குத்துவிளக்கு துலக்கியாகிவிட்டது. புளி கூடாது, எஞ்சின் நின்ற பிறகு உலர்ந்த துணிதான் என்றேன். ஒப்புக்கொண்டாள். எஞ்சின் நின்றது. சுவிட்சை அணைத்தாள். துணியை என் கையில் கொடுத்துவிட்டு இரும்புப் பெட்டியைக் காட்டினாள்.

"மொதல்ல நீ ஏறித் தொடு சாமி."

ஏறினேன்.