பந்தய வண்டிக்குக் கேரியர்

9-8-66, செவ்வாய், இரவு

அண்ணன் இன்று தன் பந்தய சைக்கிளுக்குக் கேரியர் மாட்டினான்.

பந்தயத்துக்கு இறங்குகிறவர்கள் முதலில் வண்டியின் எடையைக் குறைப்பார்கள். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, மணி எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். அண்ணனின் வண்டி வருஷக்கணக்காக அப்படி எலும்பாகத்தான் நின்றது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டுக்குள் சுற்றிச் சுற்றி ஓட்டும் பந்தயத்தில் இந்தத் தாலுகாவில் அவனை வென்றவர் இல்லை. பொங்கலன்று ஒரு வளைவில் விழுந்தான். முழங்கால் போயிற்று. மெதுவாக மிதிக்கலாம், பந்தயம் இனி கிடையாது என்று டாக்டர் நேற்று சொல்லிவிட்டார். நாளை முதல் எண்ணெய்க் கடையில் வேலை. டின்களை ஏற்றிப் போக வேண்டும்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சைக்கிள் கடை பாய் ஸ்பானரைத் தொடவே இல்லை.

“வேணாம்பா. பழைய வண்டி ஒண்ணு கெடக்குது, அத்த எடுத்துக்கினு போ.”

“இத்த வெச்சுக்கினு இன்னா பண்றது பாய்? மாட்டு. மணியும் வெச்சுடு.”

“மணி இல்லாமலே ஓட்டுவியே நீ.”

“இத்தினி நாளு எனக்கு முன்னாடி யாரு இருந்தா, மணி அடிக்க?”

அண்ணன்தான் முதலில் சிரித்தான். பாய் குனிந்து நட்டுகளைத் தேடினார். என் காலடியில் கிடந்த ஒன்றை நான் எடுத்துக் கொடுத்தேன்.

புதுக் கேரியரில் என்னை உட்காரச் சொன்னான். சிங்கவரம் ரோட்டில் புல்லுக்கட்டு ஏற்றிய சைக்கிள்காரர் ஒருவர் பின்னாலிருந்து எங்களை நெருங்கினார். அண்ணனின் முதுகு சட்டென்று குனிந்தது. பிறகு மெல்ல நிமிர்ந்தது. ஒதுங்கி வழிவிட்டான்.

அவர் கண்ணுக்கு மறைந்த பிறகும் ஓரமாகவே ஓட்டிக்கொண்டு வந்தான்.