ஆப்பிரிக்காவில் நான் கழித்த குளிர்காலம்

1886 ஏப்ரல் 5, திங்கள்

இன்று ஷீபாவை ஏரில் பூட்டி ஆறு ஏக்கர் உழுதேன். மூன்று என்றுதான் என் அண்ணன் மகள் லவீனியா சொல்வாள். அவள் பார்த்தது வயலின் இந்தப் பக்கத்தை மட்டும்.

ஒட்டகத்தை ஏரில் பூட்டிய ஆள் இந்த மேற்குக் கான்சஸில் என்னைத் தவிர யார்? இந்தச் சமவெளியில் முதல் மண்வெட்டியை ஊன்றியவனும் நான்தான். பக்கத்து நிலக்காரன் நில்ஸ் ஓக்ரென் எனக்கு மூன்று வாரம் முன்பே வந்துவிட்டானாம். வந்திருக்கலாம். சத்தமில்லாமல் வந்தவனைக் கணக்கில் சேர்க்க முடியாது.

மதியம் பாதையில் கோழி வளர்க்கிற ஸ்டைல்ஸின் வண்டி வந்தது. ஷீபாவின் வாடை பட்டதும் அவன் குதிரைகள் இரண்டும் பித்துப் பிடித்தது போல ஓடின. வண்டி குடை சாய்ந்தது. ஊருக்கு விற்கக் கொண்டுபோன முட்டை முழுவதும் புல்லில் ஊற்றிய மாதிரி கிடந்தது.

"யோவ் பிக்கெட்! இது மிருகமா, முதுகுல மேடு முளைச்ச பேயா?"

"ராணிய்யா. தொப்பியக் கழட்டிட்டுப் பேசு" என்றேன்.

"இது மூணாவது தடவ. அந்த மூணு பீடையும் இங்க இருக்கக் கூடாது. நீயும் இருக்கக் கூடாது. பாத்துக்கிறேன்."

மூன்று என்றால் ஷீபா, டீக்கன் என்கிற நெருப்புக்கோழி, கூண்டில் என் சிங்கம் சாலமன். சாலமனுக்குப் பல் நாலுதான் மிச்சம். கர்ஜித்தால் மட்டும் கூரை மண் உதிர்கிறது.

ஏப்ரல் 10, சனி

வழக்கம்போல நில்ஸும் அவன் மனைவி பிரிட்டாவும் காப்பிக்கு வந்தார்கள். நைல் நதிக்கரையில் முதலை என் செருப்பை விழுங்கியதைச் சொன்னேன். போன மாதம் ஒரு செருப்பு. இன்று இரண்டும் போய்விட்டது, வெறுங்காலோடு பாலைவனத்தைக் கடந்தேன். பிரிட்டா "ஐயோ, கால் சுடலியா?" என்று வாயில் கை வைத்தாள். நில்ஸ் தலையை மட்டும் ஆட்டினான். இந்த ஸ்வீடன்காரனிடம் ஒரு வார்த்தை வாங்க நுகத்தடி பூட்டித்தான் இழுக்க வேண்டும்.

ஏப்ரல் 15, வியாழன்

பத்திரிகையில் என் பெயர்! ஏஸா பிக்கெட், நூற்றறுபது ஏக்கர், ஐந்து வருடம் குடியிருந்து உழுதவர், மே 24 அன்று நில அலுவலகத்தில் அதை நிரூபித்து நிலத்தைத் தன் பெயருக்கு வாங்குவார். சாட்சி சொல்லப் பக்கத்து நிலக்காரர் நால்வர் பெயரும் உண்டு. நில்ஸ்தான் முதல் ஆள். எவனுக்காவது ஆட்சேபம் இருந்தால் அன்றைக்கு வந்து சொல்லலாமாம். சொல்லட்டுமே.

வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டினேன். டீக்கன் கொத்தித் தின்றுவிட்டது. இன்னொரு பிரதி வாங்க வேண்டும்.

ஏப்ரல் 22, வியாழன்

நில அலுவலகத்திலிருந்து கடிதம். எனக்கு அச்செழுத்துத்தான் ஓடும், அடுத்தவன் கையெழுத்து ஓடாது. லவீனியா படித்தாள். பக்கத்து நிலம் அவளுடையது, போன கோடையில்தான் வந்தாள், தனி ஆளாகவே உழுகிறாள். பாதியிலேயே குரல் மாறிவிட்டது.

ஸ்டைல்ஸ் ஆட்சேபம் போட்டிருக்கிறான். ஆறு மாதத்துக்கு மேல் நிலத்தை விட்டுப் போனவனுக்கு நிலம் கிடையாது என்பது சட்டம். "மேற்படி பிக்கெட் 1884 அக்டோபர் முதல் 1885 மே வரை ஆப்பிரிக்காவில் விலங்கு பிடித்ததாகத் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார். முப்பது பேர் கேட்டிருக்கிறார்கள்."

முப்பதா? நூறு பேர் கேட்டார்கள்! தபாலாபீஸில் சொன்னேன், சர்ச் வாசலில் சொன்னேன்...

"சித்தப்பா, இப்ப அதையும் ஏத்திச் சொல்லாதீங்க" என்றாள் லவீனியா.

ஏப்ரல் 23

இந்த நோட்டுக்கு மட்டும் சொல்கிறேன். நான் ஆப்பிரிக்கா போகவில்லை. கடலையே பார்த்ததில்லை. இண்டியானாவில் பிறந்தேன், அங்கிருந்து இங்கே வந்தேன், அவ்வளவுதான்.

அந்த அக்டோபரில் திவாலான ஒரு சர்க்கஸ், ரயில் நிலையத்தில் நின்றுபோனது. மழை. ஷீபா கயிற்றில் கட்டி நனைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வை என்னை எவரும் பார்த்ததில்லை. உழுகிற கோவேறு கழுதை இரண்டையும், ஒரு வைக்கோல்போரையும் கொடுத்து மூன்றையும் ஓட்டி வந்தேன். அந்த வாரமே பனி விழுந்தது. பனியாலும் வெட்கத்தாலும் மே வரை எவன் கண்ணிலும் படவில்லை.

வெளியே வந்து என்ன சொல்ல? ஏரை இழுத்த கழுதையைக் கொடுத்துக் கூனலும் இறகும் வாங்கி வந்தவன் என்றா? ஊர் சிரித்தே என்னைப் புதைத்திருக்கும். ஷீபா மேல் ஏறிக்கொண்டு தெருவில் போனேன். "எங்கேர்ந்து ஏஸா மாமா?" என்றார்கள். ஆப்பிரிக்கா என்று வாயில் வந்துவிட்டது. ஒருவனும் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 28, புதன்

தபாலாபீஸில் ஸ்டைல்ஸ். நாலு பேர் பார்க்கப் பேசினான்.

"ஒரு வழி இருக்கு பிக்கெட். மூணையும் சுட்டுடு, இல்ல யாருக்காச்சும் தள்ளிவிடு. ஆட்சேபத்த வாபஸ் வாங்கிடறேன்."

"உன் குதிரைக்குப் பயம்னா குதிரையச் சுடு" என்றேன்.

"நெலம் போயிடும்யா!"

"போகட்டும். சிங்கத்த உன் வாசல்ல கட்டிட்டுத்தான் போவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும்வரை எனக்கும் அது நல்ல பதிலாகத்தான் இருந்தது.

மே 3

லவீனியா வந்து கத்திவிட்டுப் போனாள்.

"போகலன்னு சத்தியம் பண்ணிச் சொல்லுங்க. முடிஞ்சு போச்சு."

"என்ன முடிஞ்சு போச்சு? ஊரு முன்னாடி ஏஸா பிக்கெட் பொய்யன்னு நானே சொல்லணுமா?"

"பொய்யன்னு எல்லாருக்கும் தெரியும் சித்தப்பா. எந்தப் பொய்யன்னுதான் தெரியாது."

இவள் வாய்க்கு சாலமனின் பல் நாலையும் கொடுக்கலாம்.

மே 12

சொல்லமாட்டேன்.

மே 13

சாலமன் முயல்கறியைத் தொடவில்லை. நானும் சாப்பிடவில்லை. காய்ச்சலாக இருக்கலாம். இரண்டு பேருக்கும்.

மே 19, புதன்

வடக்கு மூலையில் சோளம் முளைத்திருக்கிறது. இந்த மண்ணைப் புல்வேரோடு வெட்டி, அந்தக் கட்டிகளை அடுக்கித்தான் வீடு கட்டினேன். ஐந்து வருடம் கூரையிலிருந்து பாம்பு விழுந்திருக்கிறது, சூப்பில் மண் விழுந்திருக்கிறது. ஸ்டைல்ஸ் இதில் கோழி வளர்ப்பானாம். என் நிலத்தில்! அந்த மூன்று ஜீவனும் எங்கே போகும்? ரயில் நிலையத்துக்கா?

மே 24, திங்கள்

நள்ளிரவு ஆகிவிட்டது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

நில அலுவலகத்தில் ஆயிரம் பேர். (நாற்பது பேர் இருக்கும்.) அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்: "பிக்கெட், ஆப்பிரிக்கா போனீரா?"

பைபிளில் கை இருந்தது. வாயில் முதலை, செருப்பு, நைல் எல்லாம் வந்து நின்றது. விழுங்கினேன்.

"போகலைங்க. சிகாகோகூடப் பாத்ததில்ல. கோவேறு கழுதையக் குடுத்து சர்க்கஸ்காரன்கிட்ட வாங்கினேன். குளிர்காலம் பூரா, குன்றைக் குடைஞ்ச கொட்டில்ல இதுங்களோடயே படுத்துக் கிடந்தேன். இப்ப சிரிக்கிறவன் சிரிச்சுக்கலாம். நெலத்த விட்டு ஒரு நாள் நகரல. இதுங்களையும் விடமாட்டேன்."

சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். ஸ்டைல்ஸ் மட்டும் சிரிக்கவில்லை, எழுந்தான்.

"ஐயா, நெலம் வேணும்னா இன்னைக்கு இப்படிச் சொல்வான். ஒரு வருஷமா ஆப்பிரிக்கா, இப்ப கொட்டில். எந்தப் பொய்ய நம்பறது?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் உண்மை நின்றுகொள்ளும் என்றுதான் நினைத்திருந்தேன். அதிகாரி என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அதில் ஒன்றும் இல்லை.

நில்ஸ் எழுந்தான். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டே பேசினான். அவன் பேசி நான் கேட்ட நீளமான பேச்சு இது.

"என் வீட்டுலேர்ந்து ரெண்டு மைல். காலைல எழுந்ததும் மேக்கால பாப்பேன். ஏஸா வீட்டுப் பக்கம் புகை தெரியும். அந்தக் குளிர்காலம் பூரா தெரிஞ்சுது. கிறிஸ்துமஸ் அன்னைக்கும். பனிப்புயல் அடிச்ச மூணு நாள் மட்டும் எதுவும் தெரியல. நாலாம் நாள் தெரிஞ்சுது. ஆப்பிரிக்கால இருக்கறவன் இங்க அடுப்பு மூட்ட முடியாது."

"தெரிஞ்சும் ஏன் நேரில் போய்ப் பார்க்கவில்லை?" என்றார் அதிகாரி.

"புகை வருதே. ஆள் உசிரோட இருக்கான். அப்புறம் எதுக்குப் போகணும்?"

"அப்படின்னா ஒரு வருஷமா அவன் பொய்ய ஏன்யா கேட்டுட்டு இருந்த?" ஸ்டைல்ஸ்தான் கத்தினான்.

நில்ஸ் யோசித்தான். "இங்க சனிக்கெழமை ரொம்ப நீளம்" என்றான்.

பிரிட்டாவும் எழுந்து, நானும் பார்த்தேன் என்று கை வைத்து சத்தியம் செய்தாள். ஆட்சேபம் தள்ளுபடி. வாஷிங்டனிலிருந்து பட்டா வர ஒரு வருடம் ஆகுமாம். வரட்டும். வாசலில் எவனோ "ஏஸா மாமா, நைல்ல தண்ணி எப்படி?" என்றான். "உன் பீப்பாய்ல இருக்கறதவிட சுத்தம்" என்றேன். பாதி வழிவரை லவீனியா என் கையை விடவில்லை.

ஜூன் 5, சனி

வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் காப்பி போட்டு வைத்தேன். வந்தார்கள். லவீனியாவையும் சேர்த்து நால்வரும் குடித்தோம். சொல்ல என்ன இருக்கிறது, முதலை செத்துப்போயிற்று.

பிரிட்டாதான் கேட்டாள். "அந்தப் புயல் அடிச்ச மூணு நாள்... அடுப்பில்லாம எப்படி இருந்தீங்க?"

விறகில்லை, சாணி வறட்டியும் தீர்ந்துவிட்டது என்றேன். ஷீபாவின் வயிற்றோரம் ஒண்டிக்கொண்டேன். டீக்கன் என் தலைமேல் இறக்கையைப் போட்டது. கூண்டைத் திறக்காவிட்டால் சாலமன் விறைத்துப் போவான். திறந்தால் என்ன ஆகும் என்று தெரியாது. இரண்டாம் நாள் இருட்டில் கையை நீட்டித் தாழ்ப்பாளைத் தொட்டேன்...

நில்ஸ் கோப்பையைக் கீழே வைத்தான். பிரிட்டா மூச்சு விடவில்லை. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை நான். சரி, பனியை ஒரு அடி உயர்த்தினேன்.

அப்போது லவீனியா ஜன்னலிலிருந்து, "சித்தப்பா, அங்க பாருங்க" என்றாள்.

கால் மைல் தள்ளி ஸ்டைல்ஸின் வண்டி நின்றிருந்தது. குதிரைகளை அங்கேயே முளையில் கட்டிவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு புல்லில் நடந்து வந்துகொண்டிருந்தான். சிங்கத்தைப் பார்க்க வேண்டுமென்று அவள் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம்.

அவர்கள் உட்காரும்வரை பொறுத்திருந்தேன். பிறகு முதல் பனி விழுந்த நாளிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.