நாலு இடைவெளியா, ரெண்டா

மார்ச் 4

இன்று அனுப்பிய திருத்தத்துக்குக் கம்பவுண்டரம்மாவிடமிருந்து ஒன்பது குறிப்புகள். 'காற்புள்ளிக்குப் பின்னாடி ஒரு இடைவெளி விடுங்க மேடம்.' 'இந்த அடைப்புக்குறி அடுத்த வரிக்குப் போகணும்.' உள்ளே தள்ளி எழுதும் வரிகளுக்கு நான் நாலு இடைவெளி விடுவேன். அவருக்கு ரெண்டுதான் அழகு. மூன்று வருடமாக இதே பஞ்சாயத்து.

இது சிறு நூலகங்களுக்காக நாங்கள் மூன்று பேர் சேர்ந்து எழுதும் இலவச மென்பொருள். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துச் 'சரி' சொன்னால்தான் சேரும். கம்பவுண்டரம்மா ஏதோ ஒரு ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். முகம் பார்த்ததில்லை.

ஒன்பதுக்கும் பதில் எழுதினேன். மதியம் போனதே தெரியவில்லை.

மார்ச் 9

ஞாயிறு. யாரும் எதுவும் அனுப்பவில்லை. துணி துவைத்தேன். படியில் கீழ்வீட்டுக்காரர், 'மழை வரும் போல.' 'ஆமாங்க.' இன்றைக்கு நான் பேசிய மொத்தப் பேச்சும் அதுதான்.

மார்ச் 12

இதை இங்கேதான் எழுத முடியும். இன்று அனுப்பும் முன் நானே நாலு இடத்தில் இடைவெளியைக் கலைத்துவிட்டேன். முதல் தடவையும் இல்லை. ஐம்பத்திரண்டு வயதுப் பொம்பளை செய்கிற காரியமா இது? சுத்தமாக அனுப்பினால் 'சரி' என்று ஒரே சொல்தான் வரும் — அதை வைத்துக்கொண்டு ஒரு நாளை எப்படி ஓட்டுவது?

மார்ச் 18

வாத்தியார் — எங்களில் மூன்றாமவர், பள்ளியில் கணக்கு எடுப்பவர் — ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். ஒழுங்குபடுத்தும் கருவி ஒன்றை வைத்துவிடலாமாம். யார் எப்படி எழுதினாலும் அதுவே எல்லாவற்றையும் ஒரே பாணியில் அடுக்கிவிடும். இடைவெளியைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மூவரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

'எனக்குச் சம்மதமில்லை' என்று எழுதினேன். வாசிக்கும் வசதி, பழக்கம் என்று என்னென்னவோ அளந்துவிட்டேன். அரை மணி கழித்துக் கம்பவுண்டரம்மாவும், 'மெஷின் அடுக்குறது கண்ணுக்கு நல்லால்ல. எனக்கும் வேணாம்.' அவருக்குப் பிடிவாதம் ஜாஸ்தி.

மார்ச் 27

வாத்தியார் பொறுமை இழந்துவிட்டார். 'ஒரே மாசத்துல நூத்தி நாப்பது மெயில், அத்தனையும் இடைவெளி பத்தி. தேடல் பக்கம் திறக்கலன்னு ஒரு நூலகத்துலேர்ந்து எழுதியிருக்காங்க, அதை ஒருத்தரும் தொடல. நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கலன்னா நான் விலகிக்கிறேன்.'

அவர் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 28

சம்மதம் என்று போட்டேன். கம்பவுண்டரம்மாவும்.

மார்ச் 31

கருவி ஓடியது. முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள், ஒரே நிமிடம். எது நான் எழுதியது, எது அவர் எழுதியது என்று பார்த்ததும் சொல்ல முடியவில்லை.

ஏப்ரல் 7

தேடல் பக்கத்தைச் சரிசெய்து அனுப்பினேன். 'சரி.' அடுத்ததில் வேண்டுமென்றே கலைத்தும் பார்த்தேன். போகும் வழியிலேயே கருவி நேராக்கிவிட்டது. மறுபடி 'சரி.'

மூணு வருஷம் வாய் ஓயாம சண்டை போட்டவங்க — எங்கிட்ட பேச வேற ஒண்ணுமே இல்லையா? எனக்கு மட்டும் என்ன இருந்தது. அழுதேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 20

ஞாயிறு. வேலை இல்லாமல் அவருடைய பழைய குறிப்புகளை வாசித்துக்கொண்டிருந்தேன். மார்ச் பன்னிரண்டாம் தேதி நான் கலைத்தது நாலு இடம்; அவர் எழுதியது பதினொன்று. மற்ற ஏழும் எனக்கே தெரியாமல் விட்டவை என்று நினைத்து அன்று பார்க்காமலேயே 'திருத்திவிட்டேன்' என்று பதில் போட்டிருந்தேன். அன்று நான் அனுப்பியது அனுப்பியபடியே பழைய பதிவில் இருக்கிறது; இன்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். 'இங்க ஒரு இடைவெளி வேணும்' என்கிறார். அங்கே இடைவெளி இருக்கிறது. 'அடைப்புக்குறி கீழ வரணும்' — கீழேதான் இருக்கிறது. பிப்ரவரியிலும் அப்படியே. போன வருடமும்.

கண் தெரியாதவரா என்ன? மருந்துச் சீட்டில் டாக்டர்கள் கிறுக்குவதையே படிக்கிறவர்.

ஏப்ரல் 21

அவருக்கு ஒரு கடிதம். எந்த வரியைப் பற்றியும் இல்லை. காலையெல்லாம் தவித்துவிட்டு, 'சாப்பிட்டீங்களா?' என்று மட்டும் கேட்டு அனுப்பினேன்.

ஏப்ரல் 22

பதில் வந்தது. 'இன்னும் இல்ல மேடம். தனியா உக்காந்து சாப்பிடவே பிடிக்கல. நீங்க?'

அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்து, நானும் இல்லை என்று எழுதினேன்.